நூற்றுப் பதினெட்டு வீட்டுக்கு ஒரே கதவு

ஜூன் 3, திங்கள்

நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் யாரும் என் தலையில் கட்டிவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்த நோட்டை ஆரம்பிக்கிறேன். பதினோரு வருஷமாகச் சங்கரன்கோவிலில் முதலாளியின் கேபிள் இன்டர்நெட்டைக் கட்டி மேய்ப்பவன் தளவாய் என்கிற நான் ஒருவன்தான். இன்று திடீரென்று பாளையங்கோட்டையிலிருந்து பியூலா என்று ஒரு இன்ஜினீயர் பெண் வந்து என் எதிர் மேசையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களுக்கு ஒத்தாசைக்குத்தான் தளவாய்" என்றார் முதலாளி. நான் ஒத்தாசை கேட்டேனா?

வந்தவள் கேட்ட முதல் கேள்வி, "சார், நம்ம லாக் எத்தனை மாசத்துக்கு வச்சிருக்கோம்?" காபி குடித்தீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. லாக் என்பது எந்த வீடு எப்போது இன்டர்நெட்டுக்கு வந்தது, போனது என்று மெஷின் தானாக எழுதிக்கொள்ளும் குறிப்பு. அது என் பொறுப்பு. அதில் அவளுக்கு என்ன அக்கறை என்று தெரியவில்லை.

வீட்டில் பேச்சி ஞாபகப்படுத்தினாள். எங்களோடு இருக்கும் அவள் தம்பி மாகாளிக்குப் பெண் பார்த்த இடம் தட்டிப்போய் ஒரு மாதம் ஆகிறது. பெண்ணின் போட்டோவும் ஜாதகமும் இன்னும் எங்கள் பீரோவில்தான் இருக்கின்றன. வேண்டாம் என்று ஆன பிறகு திருப்பிக் கொடுப்பதுதான் முறை. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன்.

ஜூன் 5, புதன்

பியூலா வெள்ளைப் பலகையில் படம் போட்டு எனக்கே பாடம் நடத்தினாள். கேட்டுக்கொண்டேன்.

விஷயம் இதுதான். இன்டர்நெட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு முகவரி வேண்டும். பழைய முறையில் இருக்கும் முகவரிகள் உலகத்துக்கே பற்றவில்லை, எப்போதோ தீர்ந்துவிட்டன. எங்கள் கம்பெனியிடம் இருப்பவை நான்கே நான்கு. எங்கள் தெருப் பக்கம் மட்டும் ஒரே முகவரியில் நூற்றுப் பதினெட்டு வீடு. எங்கள் ஊர் வளவு மாதிரி. உள்ளே எத்தனை குடும்பம் இருந்தாலும் தெருவுக்கு ஒரே வாசல், ஒரே கதவு எண். இதில் என்ன குறை? படம் ஓடுகிறது, சீரியல் ஓடுகிறது.

புதிய முறையில் வீட்டுக்கு வீடு சொந்த முகவரியாம். வி சிக்ஸ் என்று பெயர். வாசிக்கவே ஒரு முழம் நீளம்.

"எப்ப வந்தது இது?" என்று கேட்டேன்.

"இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு சார். போன் கம்பெனியெல்லாம் பெரும்பாலும் மாறிட்டாங்க. ஆனா உலகத்துல பாதிப் பேரு இன்னும் பழசுலதான் இருக்காங்க."

இருபத்தைந்து வருஷமாக ஒரு சாமான் கடையில் இருக்கிறது, பாதி ஊர் வாங்கவில்லை என்றால், குறை ஊரிலா சாமானிலா? இதைக் கேட்டதும் அவள் சிரித்தாள். பதில் இல்லாதபோது சிரிக்கிறவர்களை நான் நம்புவதில்லை.

ஜூன் 6, வியாழன்

என் நாற்காலியின் உயரத்தை யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

ஜூன் 10, திங்கள்

எங்கள் பக்கத்து லட்சுமியாபுரம் தெருவில் இசக்கிராஜா என்று ஒரு பையன். இருபத்துநாலு வயது. அம்மா பூக்கட்டுகிறாள். இவன் வீட்டுக்குள்ளேயே கம்ப்யூட்டரோடு கிடக்கிறான். இன்று மூன்றாவது முறையாக ஆபீசுக்கு வந்தான்.

"அண்ணாச்சி, எனக்குன்னு தனியா ஒரு அட்ரஸ் குடுங்க. வி சிக்ஸ் குடுத்தாக்கூடப் போதும்."

"ஒனக்கு எதுக்குல தனியா?"

"கோயம்புத்தூர்ல வேலை கெடச்சிருக்கு அண்ணாச்சி. ஜூலை பதினஞ்சு சேரணும். அங்கேருந்து வீட்டு மெஷினுக்குள்ள வரணும்னா வெளியேருந்து வழி வேணும்லா. இப்ப நூறு வீட்டுக்கு ஒரே வாசல், எங்க வீட்டுக் கதவ எப்படித் தட்டுவேன்?"

மற்ற நூற்றுப் பதினேழு வீட்டுக்காரனும் கேட்காததை இவன் ஏன் கேட்கிறான்? வெளியிலிருந்து வீட்டுக்குள் அப்படி எதை எடுக்கப் போகிறான்? முறைப்படி விண்ணப்பம் எழுதிக் கொடு என்றேன். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டான். தயாராக வந்திருக்கிறான். பெயரைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்தேன்.

ஞாயிறு வெயிலாக இருந்ததால் போட்டோவைக் கொடுக்கப் போகவில்லை.

ஜூன் 14, வெள்ளி

தென்காசி சைபர் கிரைமிலிருந்து கடிதம். நான் சொன்னேனே, ஏதாவது ஒன்று வரும் என்று.

ஒரு டீச்சரின் பெயரில் யாரோ போலிக் கணக்கு தொடங்கி, அவள் படத்தைப் போட்டு, வாயில் சொல்ல முடியாததெல்லாம் எழுதி, அவள் பள்ளிக்கூடத்துப் பெற்றோர்களுக்கே அனுப்பியிருக்கிறான். பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து அந்தப் பெண் போகவே இல்லையாம். புகார் கொடுத்தவர் ஆவுடைச்செல்வி டீச்சர். மாகாளிக்கு நாங்கள் பார்க்கப் போன அதே பெண்தான். சின்ன ஊர், இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கடிதத்தில் எங்கள் முகவரி, தேதி, நேரம் 15:40, கூடவே ஐந்து இலக்க எண் ஒன்று. அந்த எண் எங்கள் லாக்கிலும் இருந்தால் நூற்றுப் பதினெட்டில் எந்த வீடு என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த எண்ணை எழுதிவைப்பதை இரண்டு வருஷத்துக்கு முன்பே நிறுத்திவிட்டேன். வாரத்துக்கு ஒரு தடவை டிஸ்க் நிறைந்து உயிரை வாங்கியது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சரி, மாலை மூன்று நாற்பதுக்கு யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தேன். பத்தொன்பது வீடு. அதில் பாதி, சீரியல் பார்க்கும் பெண்கள். பல் டாக்டர் வீடு. ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். அப்புறம் இசக்கிராஜா. என் மூக்கு தப்பு செய்யாது.

"வாடிக்கையாளர் பெயர்" என்ற கட்டத்தில் அவன் பெயரை எழுதி, சீல் வைத்து, மாலைத் தபாலிலேயே அனுப்பிவிட்டேன்.

கடிதத்தோடு அந்தப் படத்தின் நகலும் இருந்தது. பச்சைப் பட்டுச்சேலை, கையில் மடித்த கைக்குட்டை, பின்னால் அருவி வரைந்த திரைச்சீலை. நம் ஊர் ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அதே அருவித் திரைதான்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன். வேட்டி எடுக்கத்தான். பேச்சி, "அந்தக் கவரையும் எடுத்து வைங்க, நாளைக்காவது குடுத்துட்டு வரலாம்" என்றாள். கவர் மெலிசாக இருந்தது. வைத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். மாகாளி உரக்கடையிலிருந்து எட்டரைக்கு வந்தான். சாப்பிட்டுவிட்டு, பேசாமல் போனோடு மாடி அறைக்குப் போனான். அந்த இடம் தட்டிப்போனதிலிருந்து அப்படித்தான் இருக்கிறான். பாவம்.

ஜூன் 19, புதன்

இசக்கிராஜாவின் லேப்டாப்பையும் போனையும் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. தினமும் காலையில் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அவன் அம்மா பூக்கூடையோடு நேராக ஆபீசுக்கு வந்துவிட்டாள்.

"நீங்கதான் எம்புள்ள பேர எழுதிக் குடுத்தியளாமே?"

"லாக்ல இருந்ததக் குடுத்தேன்மா. மெஷின் சொன்னது."

"மெஷினு எம்புள்ள பேரச் சொல்லுச்சா? அந்த டீச்சர் யாருன்னே அவனுக்குத் தெரியாதே. கோயம்புத்தூர்க் கம்பெனிக்காரன் போலீஸ் சர்ட்டிபிகேட் கேக்கான். பதினஞ்சாந் தேதிக்குள்ள குடுக்கலன்னா வேற ஆளப் பாத்துக்கிடுவானாம். இவன விட்டா எனக்கு யாரு இருக்கா, சொல்லுங்க."

தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. போகும்போது எதிர் மேசையில் பியூலாவிடம் ஒரு முழம் பூவைக் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்குத் தெரியாமல் இவர்களுக்குள் பழக்கம் இருக்கிறதா?

ஜூன் 24, திங்கள்

பியூலா போலீஸ் கடிதத்தை எடுத்துப் பார்த்திருக்கிறாள். என் ஃபைலை யார் தொடச் சொன்னது?

"சார், இந்த 15:40 நம்ம டைம் இல்ல."

"கடிகாரம் ஊருக்கு ஒண்ணா இருக்கு?"

"அந்த வெப்சைட் கம்பெனிக்காரங்க எல்லாமே கிரீன்விச் டைம்லதான் குடுப்பாங்க. கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கு பாருங்க. நமக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டணும். அப்ப ராத்திரி ஒம்பது பத்து."

பார்த்தேன். சின்ன எழுத்துதான். வயது ஐம்பதாகிறது எனக்கு. ஒன்பது பத்துக்கு லாக்கைத் திறந்து பார்த்தோம். நூற்றுப் பதினெட்டில் நூற்றுப் பன்னிரண்டு வீடு இருந்தது. இல்லாத ஆறு வீட்டில் ஒன்று இசக்கிராஜா. அன்று அவர்கள் தெருவில் வயர் அறுந்து கிடந்தது, நான்தான் மறுநாள் ஆள் அனுப்பினேன்.

என் வீடும் இருந்தது. அதனால் என்ன, நூற்றுப் பன்னிரண்டு வீடும்தான் இருந்தது.

"போலீசுக்கு இன்னைக்கே எழுதிருவோம் சார்" என்றாள்.

நானே எழுதுகிறேன், நீ தலையிடாதே என்றேன். கடிதத்தை ஃபைலில் திரும்ப வைத்தாள். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். தப்பு என்னுடையது என்று முதலாளியிடம் காட்டத்தான் இந்தப் பெண் தோண்டிக்கொண்டிருக்கிறாள் என்பதில் சந்தேகமில்லை.

பிரிண்டரில் மை இல்லை. நாளைக்கு எழுத வேண்டும்.

ஜூன் 26, புதன்

மை வாங்கினேன். கருப்புக்குப் பதில் நீலத்தைக் கொடுத்துவிட்டான்.

ஜூன் 28, வெள்ளி

முதலாளி கூப்பிட்டார். வி சிக்ஸைச் சோதனையாக இருபது வீட்டில் போட வேண்டும், முதலில் நம் ஆட்கள் வீட்டில் போடுங்கள் என்றார். என்னால் முடிந்த மட்டும் எடுத்துச் சொன்னேன். வீடுகளில் இருக்கும் பழைய மோடம் பெட்டிகள் தாங்காது. பாதி வெப்சைட் புதியதை மதிக்காது. ஊரெல்லாம் சும்மா இருக்கும்போது நமக்கு மட்டும் என்ன அவசரம். பெரிய பெரிய நாடே தள்ளிப்போடுகிறது.

பியூலா மெதுவாகச் சொன்னாள். "எல்லாரும் அதேதான் சார் சொல்றாங்க. வெப்சைட்காரன் சனங்க மாறட்டும்ங்கான். சனங்க கம்பெனி மாறட்டும்ங்காங்க. கம்பெனி பக்கத்துக் கம்பெனியப் பாக்குது. யாருக்கும் அது பிடிக்காம இல்ல, மொதல்ல போக மனசில்ல, அவ்வளவுதான்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "தளவாய், ஒங்களுக்கு இதுல வேற ஏதும் கஷ்டம் இருக்கா?"

எனக்கு என்ன கஷ்டம்? ஒன்றும் இல்லை என்றேன்.

போலீசுக்கு எழுதவில்லை. யோசித்துப் பார்த்தால், நேரம் தப்பு என்று எழுதினால் அப்போது யார் என்று திருப்பிக் கேட்பார்கள். நூற்றுப் பன்னிரண்டு வீட்டையும் ஸ்டேஷனில் உட்கார வைக்க முடியுமா?

ஜூலை 2, செவ்வாய்

என் வீட்டில் பெட்டி மாற்றினார்கள். பியூலாவே வந்தாள். வீட்டை வேவு பார்க்க வந்தாளோ என்று நினைத்தேன். பேச்சியோடு சமையலறையில் நின்று அரைமணி நேரம் கொத்துமல்லித் துவையல் பற்றிப் பேசிவிட்டுப் போனாள். பெட்டியின் முதுகில் எங்கள் வீட்டு முகவரியை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கிறாள். நடுவில் 4c1e என்று வருகிறது. இந்த எண் ஊரில் வேறு யாருக்கும் கிடையாதாம். உலகத்திலேயே கிடையாதாம்.

மாகாளி சாப்பிட உட்கார்ந்தவன் கேட்டான். "அத்தான், புதுப் பெட்டில என்ன விசேஷம்? ஸ்பீடா?"

இனி எவன் என்ன செய்தாலும் எந்த வீடு என்று சட்டென்று தெரிந்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"ஆமா, ஸ்பீடுதான்" என்றேன்.

ஜூலை 4, வியாழன்

படம் நின்று நின்று வருகிறது என்று பேச்சி சொன்னாள். வி சிக்ஸ்தான் காரணமாக இருக்கும் என்று எங்கள் வீட்டுப் பெட்டியில் மட்டும் அதை அணைத்துவைத்தேன்.

ஜூலை 5, வெள்ளி

மாலையில் நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. ஊரில் தறிச் சத்தமே கேட்கவில்லை. கரண்ட் வந்ததும் பார்த்தால் பெட்டியில் வி சிக்ஸ் மறுபடி வேலை செய்கிறது. பியூலாதான் எங்கிருந்தோ போட்டுவிட்டாள் என்று அவளைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

"சார், மாத்தினதச் சேவ் பண்ணீங்களா? சேவ் பண்ணலன்னா கரண்ட் போனதும் பழைய மாதிரி ஆயிரும்லா."

பதினோரு வருஷமாக இந்த வேலை செய்கிறவன் நான். சேவ் பண்ண மறப்பேனா? மறந்திருக்கிறேன். மறுபடி அணைக்கலாம் என்று உட்கார்ந்தேன். பாஸ்வேர்டு அடித்தேன். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அணைக்காமலே மூடிவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

கரண்ட் பில் கட்டப் போலீஸ் ஸ்டேஷன் வழியாகப் போனேன். வேப்பமரத்தடி பெஞ்சில் இசக்கிராஜா. மடியில் அம்மா கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். மரியாதைக்கு எழுந்து நிற்கிறான்.

"அண்ணாச்சி, என் விண்ணப்பம் ஏதும் ஆச்சா?" என்று கேட்டான்.

பில் கட்டாமலே திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

கொடியேற்றம் முடிந்து ஆடித்தபசுக் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. ஆபீசில் மைக் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. பதினொரு மணிக்குப் போலீஸ் கடிதம் இன்னொன்று வந்தது.

அந்தப் போலிக் கணக்கிலிருந்து மறுபடி போட்டிருக்கிறான். ஆறாம் தேதி. இந்த முறை டீச்சர் மாத்திரை சாப்பிட்டுவிட்டாள். பிழைத்துக்கொண்டாள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

கடிதத்தைப் பிரித்தது பியூலா. படித்தாள். மெஷினில் எதையும் தேடவில்லை. எழுந்து வந்து, கடிதத்தை என் மேசையில் குப்புற வைத்தாள்.

"நான் பாக்கல சார். நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றாள். பொய். பார்த்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. இத்தனை நாள் இவள் என் நாற்காலிக்கு அலைகிறாள் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அவள் நேராக முதலாளியிடம் போயிருக்கலாம். என் கையில் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திருப்பினேன். ஒரு முழ நீள முகவரி. நேரம் சின்ன எழுத்தில் போட்டிருந்தது, அதையும் பார்த்தேன். கூட்டிப் பார்த்தேன். லாக்கைத் திறக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. நடுவில் 4c1e.

மாலையில் வீட்டுக்குப் போய்ப் பீரோவிலிருந்து கவரை எடுத்துப் பேச்சியின் முன்னால் உதறினேன். ஜாதகம் மட்டும் விழுந்தது.

"போட்டோ எங்கே?"

அவளுக்குத் தெரியவில்லை. அது மட்டும் நிச்சயம், முகத்தில் தெரிந்தது. மாகாளியை உரக்கடையிலிருந்து வரச் சொன்னேன். வந்ததும் கேட்டேன். முதலில் முறைத்தான். பிறகு சிரித்தான்.

"ஒரு வீட்டுல என்னைய ஒக்கார வச்சிக் காபி குடுத்துட்டு, எட்டாங் கிளாஸ் படிச்சவனக் கட்டிக்க முடியாதுன்னு சொன்னா. சொல்லட்டும். அவ எம்புட்டு யோக்கியம்னு ஊருக்குத் தெரியாண்டாமா? அத்தான், நூறு வீடு இருக்கு அந்த லைன்ல. நீங்கதானே சொன்னிய, யாரையும் கண்டுபிடிக்க முடியாதுன்னு."

நான்தான் சொல்லியிருக்கிறேன். கல்யாண வீட்டுப் பந்தியில், பெருமைக்கு.

பேச்சி அவனை அறைந்தாள். பிறகு என் காலைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, பழைய மாதிரியே வேற ஏதாவது எழுதிக் குடுத்துரக் கூடாதா? எனக்கு இருக்கது ஒரே தம்பிங்க." இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அந்த டீச்சர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று சொன்னேன். காலை விட்டுவிட்டாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 13, சனி

மாகாளியையும் அழைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அவனுடைய மணிபர்சுக்குள் அந்தப் போட்டோ இருந்தது, நான்காக மடித்து. அதையும் கொண்டுபோனேன். தென்காசியிலிருந்து, கடிதம் அனுப்பிய இன்ஸ்பெக்டர் அம்மாவே வந்திருந்தார்.

அதே படிவம். "வாடிக்கையாளர் பெயர்" என்ற கட்டம். இசக்கிராஜாவின் பெயரை எழுதியபோது இரண்டு நொடிகூட ஆகவில்லை. எங்கள் வீட்டு இணைப்பு என் பெயரில்தான் இருக்கிறது. தளவாய், தகப்பனார் பெயர், தெரு, கதவு எண் என்று எழுதி முடித்துச் சீல் வைத்தேன். முதல் கடிதத்துக்கு நான் கொடுத்த பதில் தப்பு, நேரத்தைத் தப்பாகப் பார்த்தேன், எழுதிவைக்க வேண்டிய எண்ணையும் எழுதிவைக்கவில்லை என்று இன்னொரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதற்கு என்ன நடவடிக்கை வரும் என்று தெரியவில்லை. வரட்டும்.

இசக்கிராஜாவைக் கூப்பிட்டு லேப்டாப்பையும் போனையும் கொடுத்தார்கள். சர்ட்டிபிகேட்டையும் இன்றே தருவதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். ஞாயிறு பஸ் பிடித்தால் திங்கட்கிழமை சேர்ந்துவிடலாம். அவன் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றான். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"எனக்குன்னு ஒரு அட்ரஸ் குடுங்கன்னுதானே அண்ணாச்சி கேட்டேன். குடுத்திருந்தியன்னா அன்னைக்கே நான் இல்லன்னு தெரிஞ்சிருக்கும்லா."

கோபமாகச் சொல்லவில்லை. லேப்டாப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னான். அவன் அம்மா என்னைப் பார்க்காமல் அவனை அழைத்துக்கொண்டு போனாள்.

கையெழுத்து வாங்கும்போது இன்ஸ்பெக்டர் கேட்டார். "ஒங்க மச்சினன்னு ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

"நேத்துத்தான் மேடம்" என்றேன். எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். பியூலாவைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். இசக்கிராஜாவை, அவன் அம்மாவை, நாற்காலியை, பிரிண்டர் மையைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். பச்சைப் பட்டுச்சேலையும் கைக்குட்டையுமாக வந்த அந்தப் படம், பெண் பார்க்கப் போவதற்கு முன்பே நான் கையில் வாங்கிப் பார்த்த போட்டோ. ஜூன் பதினாலாம் தேதி கடிதத்தைப் பிரித்த அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். அன்றைக்கு இந்த நோட்டில் திரைச்சீலையைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் தென்காசி போய், நேற்று இல்லை, ஜூன் பதினாலு என்று மாற்றி எழுதச் சொல்ல வேண்டும். இந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.